மூன்றாவது அறிவிப்பு

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் போன ஞாயிறு விடுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் காவல் கிடந்தேன். அதற்கு முந்தின ஞாயிறும் அதே கதை. மணி அடிக்கும்போதெல்லாம் ஓடி ஓடி எடுத்து, யார் யாருடைய அம்மாவுக்கோ வணக்கம் சொன்னதுதான் மிச்சம். வாரம் தவறாமல் கூப்பிடுகிறவளுக்கு என்ன வந்தது?

உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். நவம்பரில் எங்கள் பல்கலைக்கழக நாள். காலையில் கருத்தரங்கு, மதியம் கண்காட்சி, மாலையில் மாணவர் கலை நிகழ்ச்சி. நாள் முழுக்க மேடையில் நின்று அறிவிப்புச் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். என் அறைத்தோழி ஒட்டகம் (உயரத்துக்காக அவளே வைத்துக்கொண்ட பெயர்) சும்மா இருக்க மாட்டாமல் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். நான் பதறிப்போய்ப் பேராசிரியரிடம் ஓடினேன். "சார், எனக்குச் சின்ன வயசுல திக்குவாய் சார்." அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இப்ப திக்கலையேம்மா" என்றார். வழக்கு முடிந்தது.

எதனால் திக்கவில்லை என்று அவருக்குத் தெரியுமா? பள்ளி விட்டதும் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உன் அறிவிப்பு அறையில் ஒரு மூலையில் உட்கார வைப்பாயே. நீ பேருந்தின் பெயரைச் சொல்லி மைக்கை அணைத்ததும், அதையே நான் உன் குரலில் சொல்லிப் பார்ப்பேன். அப்போதுதான் வார்த்தை முட்டாமல் வந்தது. இன்றைக்கும் வகுப்பில் எழுந்து பேச வேண்டிய வாரமென்றால், ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் காதில் வாங்கிக்கொண்டுதான் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வருகிற ஞாயிறு கட்டாயம் கூப்பிடு.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் வாயாடி


ஜூன் 25

அன்பு வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. அத்தான் நன்றாக இருக்கிறார், பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்துக்கொண்டு உலகத்தையே மறந்திருக்கிறார். எனக்குத்தான் தொண்டை கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அத்தானுக்குக் கேட்கவா வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் சோறு ஆறுவதற்குள் சாப்பிடுகிறாராம். அதனால் தொலைபேசி வேண்டாம். கடிதம் எழுதிக்கொள்வோம்.

நிலையத்தில் அறிவிப்புக்கு மெஷின் வந்திருக்கிறது. ஒரு தடவை பேசி வைத்துவிட்டால் போதும், பொத்தானை அழுத்தினால் அதுவே சொல்லுமாம். மாத்திரை போட்டால் காலையில் கொஞ்ச நேரம் எனக்குக் குரல் திறக்கிறது. அந்த நேரத்தில் ஒரு அடைத்த அறையில் உட்கார்ந்து எல்லா ஊர்ப் பெயரையும் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் விடாத பேருந்துகளுக்குக்கூடப் படித்துவிட்டேன். மேலாளர், "என்னம்மா அவசரம், மெதுவா செய்யலாமே" என்றார். முடித்து வைத்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன்.

ஒன்றுதான் மனசுக்கு ஆகவில்லை. மெஷின் எதையும் இரண்டு தடவைதான் சொல்லும். மாலைக் கடைசிப் பேருந்துக்கு நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, யாராவது மூட்டையும் முடிச்சுமாக ஓடி வந்தால் மூன்றாவது தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்வேனே, ஞாபகமிருக்கிறதா? ஓட்டுநரும் அது காதில் விழுந்தால் கிளம்ப மாட்டார். மெஷினுக்கு ஜன்னல் ஏது?

நீ பயப்படாதே. நிலவியல் என்று கல்லைப் படிக்கப் போனவளுக்கு மனசும் கொஞ்சம் கல்லாக வேண்டாமா? நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறாயா, இல்லை ஊருக்கு உபதேசம் மட்டும்தானா?

ஒட்டகம் என்னைக் கட்டிலின் மேல் ஏற்றி நிறுத்திப் பயிற்சி கொடுக்கிறாள். "பெருமதிப்பிற்குரிய" என்ற வார்த்தையில் பெ என்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. நான் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டேன். ஏழெட்டு வருஷமாக இல்லாதது திரும்பி வருகிறது அக்கா. பேராசிரியரிடம் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்றால், அப்புறம் வாழ்நாள் பூராவும் மேடையைக் கண்டால் ஒளிந்துகொள்வேன் என்று தோன்றுகிறது. ஆய்வு முடித்து நான் ஆசிரியையாகப் போக வேண்டியவள். வாய் வராத ஆசிரியையை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஒரே ஒரு தடவை கூப்பிட்டு என் பெயரைச் சொல். அது போதும்.

அத்தானுக்கு என் அன்பு.

உன் வாயாடி


ஆகஸ்ட் 19

அன்புள்ள மைத்துனிக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். எனக்குக் கடிதமெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. ஸ்பானர் பிடித்த கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை அக்கா படித்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுக்கு வேலை அதிகம், அதனால் என்னை எழுதச் சொன்னாள். அவள் நலமாகத்தான் இருக்கிறாள். இப்போது தூங்குகிறாள். பக்கத்துக் கட்டில்காரர் ஓயாமல் இருமுகிறார், அதையும் மீறித் தூங்குகிறாள் என்றால் பார்த்துக்கொள்.

நீ படிப்பைக் கவனி. எல்லாம் சரியாகிவிடும்.

அத்தான்


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று எனக்குச் செய்தி வந்துவிட்டது.

ஒட்டகம் ஊருக்குப் போகும் வழியில் உங்கள் பேருந்து நிலையத்தில் இறங்கியிருக்கிறாள். திரும்பி வந்து, "உங்க அக்கா குரல் கணீர்னு கேட்டுதுடி, நின்னு கேட்டுட்டுதான் வந்தேன்" என்றாள். நான் நம்பவில்லை. நிலைய அலுவலகத்துக்கே தொலைபேசி செய்தேன். எடுத்தவர் "இருங்க பார்க்கிறேன்" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார். அந்த நேரத்தில் பின்னால் உன் குரல்! "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, எந்தத் தடங்கலும் இல்லாமல், அதே பழைய குரல். திரும்பி வந்தவர், "அவங்க இப்ப பேச முடியாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஊரில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் உனக்குக் குரல் இருக்கிறது, எனக்குத்தான் இல்லையா? அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருக்கிறவள் நீ ஒருத்திதானே! நான் என்ன தப்பு செய்தேன் என்றாவது சொல்லித் தொலை. என்னைக் கல்லுளிமங்கி என்று திட்டுவாயே, இப்போது யார் கல்லுளிமங்கி?

அத்தான் எழுதியிருந்த பக்கத்துக் கட்டில்காரர் யார்? அதையும் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை


செப்டம்பர் 28

அன்பு வாயாடிக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உன் கோபமும் சௌக்கியம் என்று தெரிந்துகொண்டேன்.

பக்கத்துக் கட்டில்காரர் பணிமனையில் அத்தானோடு வேலை செய்கிறவர். ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக இருந்த நேரத்தில் அத்தான் எழுதிய கடிதம் அது. நான் தூங்குவதைப் பற்றி எழுதியது தூக்கக் கலக்கம். அவரைக் கடிதம் எழுதச் சொன்னது என் தப்பு.

மற்றபடி, நீ திட்டியது எல்லாம் சரி. இன்னும் திட்ட வேண்டுமென்றால் திட்டு. உன் விழா முடியட்டும், நேரிலேயே வைத்துத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் என்னிடம் ஒன்றும் கேட்காதே. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

விழாவுக்கு வருகிறேன்.

அக்கா


அக்டோபர் 10

என் அன்பு அக்காவுக்கு,

வருகிறேன் என்று நீ எழுதிய அந்த ஒரு வரியை ஒட்டகத்துக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். "போதும்டி, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்கிறாள். போன கடிதத்தில் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

உனக்கு முன்வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதியமே வந்துவிடு. கண்காட்சியில் என் கற்களையும் காட்டுகிறேன். கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக ஒரு கல் இருக்கிறது. அழுத்தமும் சூடும் தாங்கித் தாங்கி அப்படி ஆனது. மாலையில் மேடை ஏறுவதற்கு முன்னால் திரைக்குப் பின்னால் வந்து, "ஏறுடி வாயாடி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல். அதற்கப்புறம் எனக்கு யார் துணையும் வேண்டாம்.

அத்தானையும் அழைத்து வா. உங்கள் இருவருக்கும் என் அன்பு.

உன் வாயாடி


அக்டோபர் 22

அன்பு வாயாடிக்கு,

நாங்கள் சுகம். நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

முன்வரிசை வேண்டாம், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். திரைக்குப் பின்னால் வர மாட்டேன். அத்தானுக்கு விடுப்பு இல்லை. நீயே ஏறு. மைக்கைப் பிடித்ததும் கூட்டத்தைப் பார்க்காதே. ஓடி வருகிறவர் யாராவது ஒருவர் இருப்பார், அவருக்குச் சொல்கிற மாதிரிச் சொல்.

அக்கா


நவம்பர் 16

அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா?

காலையில் கருத்தரங்கில் நான் சொல்ல வேண்டியது பெயர்கள் மட்டும்தான். சிறப்பு விருந்தினராக வந்த பேராசிரியரின் பட்டங்களைச் சொல்லும்போது இரண்டு இடத்தில் முட்டியது. அவரே தலையை ஆட்டி, சொல்லு சொல்லு என்றார். மதியம் கண்காட்சியில் மேசைக்குப் பின்னால் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கல்லைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன விலை?" என்று கேட்டார்கள். நீ வரவில்லை.

மாலையில் அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள். திரை விலகியது. மைக்கைப் பிடித்தேன். "பெருமதிப்பிற்குரிய" வரவில்லை. பெ கூட வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார். பின்னால் மாணவர்கள் விசிலடிக்க ஆரம்பித்தார்கள். அப்போது கடைசி வரிசைக்குப் பின்னால் கதவைத் திறந்துகொண்டு, கழுத்தில் துணி சுற்றிய ஒருத்தி அவசர அவசரமாக உள்ளே ஓடி வந்தாள். நீதான். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

அப்படியே உன் குரல். அரங்கமே வெடித்துச் சிரித்தது. துணைவேந்தர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது அக்கா. நடனம், நாடகம், பரிசளிப்பு எல்லாவற்றையும் பேருந்து கிளப்புகிற மாதிரிக் கிளப்பி விட்டேன். "அடுத்து புறப்பட இருப்பது முதலாமாண்டு மாணவர்களின் நாடகம்" என்றதற்குக் கைதட்டல் அடங்கவே இல்லை. நீ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டியதைப் பார்த்தேன்.

முடிந்ததும் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தேன். நீ இல்லை. உன் நாற்காலியில் நிகழ்ச்சித் தாள் மடித்துக் கிடந்தது. வாசலில் கேட்டால், "அந்த அம்மா எழுந்து போயிட்டாங்களே" என்றார்கள். ஏன்? எல்லார் முன்னாலும் உன் தொழிலைச் சிரிப்பாக்கிவிட்டேன் என்று வருத்தமா? அப்படி நினைத்து நான் செய்யவில்லை. சத்தியமாக அது என்னை மீறி வந்தது.

விழாவும் முடிந்தது. வருகிற சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். நேரில் கேட்கிறேன். நீ வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

உன் தங்கை


நவம்பர் 24

அக்கா,

சனிக்கிழமை நான் வந்தேன். வீட்டுக்கு வரவில்லை.

நான் வந்த வண்டி வழியில் பஞ்சராகி, இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. உன் குரல்தான் முதலில் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை கூட்டத்துக்கு நடுவே எத்தனை நிதானமாகப் பேசுகிறாய் என்று படியேறி அறிவிப்பு அறைக்கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரு ஆள் கடலை தின்றுகொண்டிருந்தார். உன் நாற்காலி ஓரமாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். வெளியே நீ பேசினாய்.

"அக்கா எங்கே?" என்றேன்.

"எந்த அக்கா? ஓ, அவங்களா? அவங்க ஆபரேஷனுக்கு அப்புறம் வர்றதில்லையேம்மா. தொண்டையில கட்டி. உயிரைக் காப்பாத்திட்டாங்க, குரல்தான் போச்சு. பாவம், முன்னாடியே எல்லாத்தையும் பேசி வச்சுட்டுப் போனாங்க. நீங்க யாரு?"

நான் யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தான் எழுதிய பக்கத்துக் கட்டில், தொலைபேசியில் "பேச முடியாதும்மா" என்றவர், உன் கழுத்துத் துணி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. செப்டம்பரில் உனக்கு நான் எழுதிய கடிதத்தை நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் அக்கா.

அதற்குள் எங்கள் பல்கலைக்கழக ஊருக்குப் போகும் மாலைக் கடைசிப் பேருந்துக்கு அவர் பொத்தானை அழுத்தினார். இரண்டு தடவை சொல்லி முடிந்தது. ஜன்னலில் பார்த்தால், இடுப்பில் ஒரு பிள்ளையும் தோளில் பையுமாக ஒரு பெண் ஓடி வருகிறாள். பேருந்து நகர்கிறது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். "மெஷின்ல ரெண்டுதாம்மா" என்றார். நான் அவரைத் தள்ளிவிட்டு உன் பழைய மைக்கின் விசையைப் போட்டேன். மூன்றாவது தடவை சொன்னேன். நீ சொல்கிற மாதிரி, ஊர்ப் பெயரை நிறுத்தி நிறுத்தி. ஒரு எழுத்தும் முட்டவில்லை. பேருந்து நின்றது.

அவர் "யாரைக் கேட்டு மைக்கைத் தொட்டே?" என்று கத்த ஆரம்பித்தார். நான் படியிறங்கி ஓடி அதே பேருந்தில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வழி முழுக்க அழுதேன். ஓடி வந்து ஏறிய அந்தப் பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா, யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேனா இல்லை என்றேனா, தெரியவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? வலித்ததா? இப்போது வலிக்கிறதா? சாப்பிட முடிகிறதா? உடனே எழுது.

உன் வாயாடி


நவம்பர் 28

என் செல்ல வாயாடிக்கு,

வலி இல்லை. சாப்பிட முடிகிறது, கஞ்சியும் குழைந்த சோறுமாக. மூச்சு இப்போது கழுத்து வழியாகப் போய் வருகிறது, அதற்குத்தான் துணி. அத்தான் அதைத் துடைத்துவிடக் கற்றுக்கொண்டார். இன்ஜினைத் துடைப்பதைவிடப் பதமாகத் துடைக்கிறார், நம்பினால் நம்பு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். என் குரல் காதில் இருந்தால்தான் உனக்கு நாக்கு புரளும் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் குரல் இனி இல்லை என்று விழாவுக்கு முன்னால் எந்த வாயால் சொல்வேன்? காலையில் குரல் திறந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் உன்னைத்தான் கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன், நீ கண்டுபிடித்திருப்பாய். அன்றைக்கு அரங்கத்திலிருந்து எழுந்து போனதும் அதனால்தான். நீ அவ்வளவு சந்தோஷமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாய். அந்த நாளாவது உனக்கு முழுசாக இருக்கட்டும் என்று போய்விட்டேன். என் தொழிலைச் சிரிப்பாக்கிவிட்டாயாம்! பைத்தியம். இத்தனை வருஷம் கத்தினேன், ஒரு தடவையாவது யாராவது கை தட்டியிருக்கிறார்களா?

இப்போது நான் சொல்வதைக் கேள். சனிக்கிழமைகளில் அத்தானை வேலை முடித்து அழைத்துவர நான் நிலையத்துக்குப் போவேன். அறிவிப்பு அறைப் படிக்குக் கீழே ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து மெஷினில் அவள் பேசுவதைக் கேட்பேன். நான்தான், ஆனால் அவள் என்றே மனசுக்கு வருகிறது. அன்றைக்கும் இருந்தேன், பகல் முழுக்க வீட்டில் உனக்காகக் காத்திருந்து, இனி வர மாட்டாய் என்று நினைத்துத்தான் போனேன். நீ மேலே ஏறியதை நான் பார்க்கவில்லை, அத்தான் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு தடவை சொல்லி நிறுத்தினாள். அவ்வளவுதான், போச்சு, அந்தப் பெண்ணுக்கு இன்றைக்குப் பேருந்து இல்லை என்று நினைத்தேன். அப்போது மூன்றாவது வந்தது.

என் கை தன்னால் கழுத்துக்குப் போனது. ஒரு நிமிஷம் நான்தான் பேசிவிட்டேன் என்றே நினைத்தேன் கண்ணே. ஓட்டுநர் பிரேக் போட்டு, பழைய வழக்கப்படி ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் எழுந்து நின்றேன். நீ படியில் தடதடவென்று இறங்கி, என் முன்னாலேயே ஓடினாய். கை நீட்டினால் எட்டுகிற தூரம். கூப்பிட வாயைத் திறந்தேன். கழுத்துத் துணி மட்டும் அசைந்தது. நீ ஏறிவிட்டாய், பேருந்து போய்விட்டது. எத்தனை பேரை எத்தனை பேருந்தில் ஏற்றி விட்டிருக்கிறேன். உன்னை ஒரு தடவை நிறுத்த முடியவில்லை.

வருகிற சனிக்கிழமை வா. அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கூட்டத்தில் என்னால் உன்னைக் கூப்பிட முடியாது. நீ இறங்கியதும் அக்கா என்று கூப்பிடு, முட்டினாலும் பரவாயில்லை. நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அத்தான் உன்னைக் கேட்டார்.

உன் அக்கா